பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் வின்ச்: ஆயிலை எங்கிருந்து எடுப்பது?

தோப்புக்குள் சாய்ந்து கிடக்கும் தென்னையை இழுக்க வேண்டும். சேற்றில் அச்சுவரை இறங்கிய டிரெய்லரை மீட்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டிப்போட்ட மரத்தை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் டிராக்டரே உள்ளே இறங்கத் தேவையில்லை. வண்டி கெட்டித் தரையில் நின்றுகொள்ள, கம்பி வடம் மட்டும் உள்ளே போனால் போதும். பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு வின்ச் மேல் எப்போதும் ஒரு கண் இருப்பது அதனால்தான். பழைய இரும்புக் கடையில், ஏதோ ஒரு மீட்பு லாரியிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் வின்ச் மலிவாகக் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: டிராக்டரில்தான் ஹைட்ராலிக் இருக்கிறதே, இரண்டு ஹோஸ் மாட்டினால் ஓடாதா?

ஓடும். ஆனால் நாம் நினைத்த மாதிரி ஓடாது. ஏன் என்பது புரிந்தால், பணத்தை எதில் போடுவது என்பதும் புரிந்துவிடும்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஹாரி ஃபெர்குசனின் டி.ஈ. 20 டிராக்டர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை தயாரானது; ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. அதற்குப் பின் வந்த 35-தான், நிறுவனங்கள் இணைந்து பெயர் மாறிய பிறகு மாஸி ஃபெர்குசன் 35 ஆயிற்று. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. நம் ஊரில் ‘மாஸி 1035’ என்று ஓடியது அந்த 35-இன் வழியில் வந்ததுதான். ஆகவே கவன்ட்ரியில் வகுத்த ஹைட்ராலிக் முறை, காங்கேயத்துக் களத்தில் நிற்கும் பழைய வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அந்த ஹைட்ராலிக்கை எதற்காகச் செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலப்பையைத் தூக்க, இறக்க, உழும்போது ஆழத்தைத் தானாகச் சரிசெய்ய. வேலை அவ்வளவே. பின் அச்சுப் பெட்டிக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் சிறிய பம்ப் அது. நாலு பிஸ்டன். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ.வுக்குப் போகும் தண்டுதான் அந்தப் பம்பையும் சுற்றுகிறது. ஃபெர்குசன் முறையின் அழகு இந்தப் பம்பின் வால்வு இருக்கும் இடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் பம்புக்குப் பின்னால், அழுத்தம் வந்த பிறகு வால்வு வைத்தார்கள். இவரோ பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்திலேயே வைத்தார். லிஃப்ட் தூக்க வேண்டிய நேரத்தில் மட்டும் பம்ப் உறிஞ்சும்; மற்ற நேரத்தில் பிஸ்டன்கள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஆயில் சூடாகாது, எஞ்சினுக்குச் சுமையும் இல்லை. கலப்பைக்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

வின்ச்சுக்கு வேண்டியது வேறு. லிஃப்ட் மூன்று விநாடி தூக்கிவிட்டு நின்றுவிடும். வின்ச் மோட்டாருக்கோ நிமிடக்கணக்கில், நிற்காமல், நிறைய ஆயில் ஓட வேண்டும். ஓடிய ஆயில் திரும்பிவர வழியும் வேண்டும். லிஃப்ட் ஒற்றைப் போக்கு வேலை: ஆயில் தூக்கும், கலப்பையின் எடை இறக்கும். திரும்பிவரும் குழாய் என்ற ஒன்று அதில் கிடையாது.

இங்கே இரண்டே அளவுகளை மனதில் நிறுத்திக்கொண்டால் போதும். வின்ச் எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதை ஆயிலின் அழுத்தம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது தீர்மானிக்கிறது. நல்ல நிலையில் உள்ள பழைய லிஃப்ட் பம்ப் அழுத்தத்தில் குறை வைக்காது. 150 பார் தாராளமாகத் தரும். ஓட்டத்தில்தான் இடிக்கிறது. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் வரும். தேய்ந்த பம்பில் அதுவும் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 160 கன செ.மீ. ஆயில் குடிக்கும் மோட்டார், ஆறுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைக்கும் கியர், வடத்தோடு சேர்த்து 11 செ.மீ. விட்டமுள்ள உருளை. 150 பாரில் இந்த வின்ச் கணக்குப்படி நாலு டன்னுக்குச் சற்று மேல் இழுக்க வேண்டும். உராய்விலும் கசிவிலும் போவதைக் கழித்தால் கையில் மூன்றரை டன் நிற்கும். இதற்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் மோட்டார் 62 சுற்று, உருளை பத்துச் சுற்று, வடம் வருவது நிமிடத்துக்கு மூன்றரை மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளிக் கிடக்கும் மரம் வந்துசேரக் கால் மணி நேரம். இதையே 40 லிட்டர் கொடுத்து ஓட்டினால் நிமிடத்துக்குப் பதினாலு மீட்டர். நாலு நிமிட வேலை.

இன்னொரு வகையிலும் இதைப் பார்க்கலாம். பாரையும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 150 பார், 10 லிட்டர் என்றால் இரண்டரை கிலோவாட், அதாவது மூன்று குதிரைத் திறனுக்குக் கொஞ்சம் மேல். 35 குதிரைத் திறன் எஞ்சின் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, அதில் பத்தில் ஒரு பங்குதான் வின்ச்சுக்குப் போகிறது. எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் இது பெரிதாக மாறாது.

மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, பொறுமையாக இழுத்துக்கொள்கிறேன் என்பவர் உண்டு. அவருக்கும் சில தடைகள் காத்திருக்கின்றன. லிஃப்ட் மூடியில் உள்ள பிளக்கைக் கழற்றி அங்கிருந்து ஆயில் எடுக்கலாம். ஆனால் லிஃப்ட் கைகள் உச்சிக்குப் போனதும் உறிஞ்சும் வால்வு மூடிக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். இதற்காகவே 35-இல் நெம்புகோலின் ஓட்டத்தில் ‘கான்ஸ்டன்ட் பம்பிங்’ என்று ஒரு தனி நிலை வைத்திருக்கிறார்கள். டிப்பர் டிரெய்லர் போன்ற வெளிவேலைக்கு ஆயில் தொடர்ந்து வர அது உதவும். அந்த நிலையில் வைத்துவிட்டு ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அடைத்தால், அழுத்தம் மிஞ்சும்போது திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு பெட்டிக்குள் சீறும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நீடித்தால் பம்பின் ஆயுள் குறைகிறது என்று பொருள்.

அடுத்தது கிளட்ச். டி.ஈ. 20-லும், ஒற்றைக் கிளட்ச் உள்ள 35-லும், கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ. தண்டு நிற்கும், அதோடு பம்பும் நிற்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் வின்ச் வேலையில் இறங்க வேண்டாம்.

இதையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது ஆயில்தான். இந்த வண்டிகளில் கியர் பெட்டி, பின் அச்சு, லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில், ஒரே பெட்டி. ஏறக்குறைய 30 லிட்டர். ஐம்பது அறுபது வருடம் ஓடிய கியர்களின் இரும்புத் தூள் அதில் மிதக்கிறது, அதைத் தடுக்க இருப்பது ஒரு வலைச் சல்லடைதான். அந்தத் தூள் வின்ச் மோட்டாருக்குள் போகும். இரும்புக் கடையிலிருந்து வந்த மோட்டாரின் அழுக்கும் தண்ணீரும் கியர் பெட்டிக்குள் வரும். வின்ச் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் பின் அச்சுக் கெட்டால் வண்டியே படுத்துவிடும்.

ஆகவே என் தீர்மானமான யோசனை: லிஃப்டின் ஆயிலைத் தொடாதீர்கள். பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஆற்றலை எடுத்து, வின்ச்சுக்கென்று தனிப் பம்ப், தனித் தொட்டி வையுங்கள்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. சாதாரண கியர் பம்புக்கு இந்த வேகம் போதாது. அதனால் வேகத்தை மூன்று மடங்காக்கும் சிறு கியர் பெட்டியோடு வரும் பம்பை வாங்க வேண்டும். அது தண்டிலேயே நேராகச் செருகிக்கொள்ளும். சுற்றுக்கு 25 கன செ.மீ. பம்ப் என்றால் 1,620 சுற்றில் 40 லிட்டர் வரும். 150 பாரில் பத்து கிலோவாட்; இழப்புகளையும் சேர்த்து எஞ்சினிடம் கேட்பது பதினாறு குதிரைத் திறன் அளவு. பழைய எஞ்சின் இதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். வாங்கும்முன் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 35 மி.மீ. விட்டமும் ஆறு பல்லும்தான் இன்றைய பம்புகளில் வழக்கம். டி.ஈ. 20-இன் தண்டு அதைவிட மெல்லியது. அதற்கு அடாப்டர் போட வேண்டும். பம்பின் உடல் தண்டோடு சேர்ந்து சுற்றாதபடி அதை ஒரு சங்கிலியால் வண்டியின் உடலோடு கட்ட வேண்டும். சின்ன வேலை, மறந்தால் ஹோஸ்கள் பிய்ந்துகொண்டு போகும்.

பம்பிலிருந்து ஆயில் முதலில் ரிலீஃப் வால்வைத் தாண்டி, திசை மாற்றும் வால்வுக்கு வரும். நெம்புகோலை விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்பும் வால்வாக அது இருக்கட்டும். நடு நிலையில் ஆயில் தடையில்லாமல் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வின்ச் சும்மா நிற்கும்போதும் ஆயில் கொதிக்கும். திரும்பும் வழியில் நல்ல ஃபில்டர். உறிஞ்சும் ஹோஸ் ஒன்றேகால் அங்குலம், அழுத்தம் போகும் ஹோஸ் இரண்டு கம்பிப் பின்னல் உள்ள அரை அங்குலம், திரும்பும் ஹோஸ் முக்கால் அங்குலம் என்றால் 40 லிட்டருக்குச் சரியாக இருக்கும். உறிஞ்சும் ஹோஸில் கஞ்சத்தனம் செய்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றுக் குமிழியை இழுத்து உறுமும். அப்படி உறுமும் பம்ப் அதிக நாள் தாங்காது.

பழைய வின்ச் மோட்டாரின் உடலில் ஒரு சிறு துளை, பெரும்பாலும் பிளக் போட்டு அடைத்த நிலையில், கண்ணில் படும். உள்ளே கசியும் ஆயில் வெளியேறும் வழி அது. அதற்கு ஒரு மெல்லிய ஹோஸ் போட்டு, எந்த ஃபில்டரிலும் சேர்க்காமல், நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை அடைத்தே வைத்து ஓட்டினால் கசிவு உள்ளேயே தேங்கி, தண்டின் சீலைப் பிதுக்கித் தள்ளும். மோட்டார் ஆயில் கக்குகிறது என்று கடைக்கு வரும் பழைய வின்ச்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தொட்டி பெரிதாக இருக்கட்டும். நிமிட ஓட்டத்தைப் போல இரண்டு மடங்காவது, அதாவது 80 லிட்டர். காரணம் சூடு. மரம் எங்கோ சிக்கி வின்ச் திணறி நிற்கும்போது, பம்ப் தரும் பத்து கிலோவாட்டும் ரிலீஃப் வால்வு வழியாக வெப்பமாக மாறும். 80 லிட்டர் ஆயில் நிமிடத்துக்கு நாலைந்து டிகிரி ஏறும். 60 டிகிரியைத் தாண்டினாலே நிறுத்தி ஆறவிடுவது நல்லது. 80-ஐத் தாண்டினால் சீல்கள் கெட்டுப்போகும். நம் வெயிலுக்கு, கடைகளில் 68 நம்பர் என்று கேட்டு வாங்கும் ஹைட்ராலிக் ஆயில் பொருந்தும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மூன்றரை டன் இழுக்கும் வின்ச் தயார். அதைத் தாங்கி நிற்கும் டிராக்டரின் எடை என்ன? ஒன்றரை டன் அளவில். பிரேக் போட்டு நிறுத்தினால் பின் சக்கரங்கள் மட்டும்தான் பிடிக்கும். காய்ந்த கெட்டித் தரையிலும் ஒரு டன் இழுவிசைக்குள் வண்டி வழுக்க ஆரம்பித்துவிடும். மரம் வண்டியிடம் வராது, வண்டி மரத்திடம் போகும்.

வழுக்காமல் இருக்க, பின்னால் மண்ணில் ஊன்றும் இரும்புப் பலகை ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டுவார்கள். ஐரோப்பாவில் காட்டுமரம் இழுக்கும் டிராக்டர்களில் வின்ச்சோடு சேர்ந்தே இது வரும். ஊன்றி நின்ற பிறகு வருவது இன்னொரு ஆபத்து, கவிழ்வது. 35-இன் இரு அச்சுகளுக்கும் இடைவெளி 1.83 மீட்டர். எடையில் மூன்றில் ஒரு பங்குதான் முன்னால் இருப்பதால், வண்டியின் எடை மையம் பின் அச்சிலிருந்து 60, 65 செ.மீ. முன்னால் நிற்கிறது. வண்டியைப் பின்பக்கம் மல்லாக்க விடாமல் காப்பது இந்த ஒன்றரை டன்னும் இந்த 60 செ.மீ.யும்தான். வடம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் புறப்பட்டு 1.7 டன் இழுத்தால் இதைத் தாண்டாது. அதே இழுப்பு 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும். எழ ஆரம்பித்த டிராக்டர் மல்லாக்க விழ இரண்டு விநாடிகூட ஆகாது, பழைய வண்டிகளில் மேலே காக்கும் வளையமும் கிடையாது. ஆகவே வின்ச்சை எவ்வளவு மேலே பூட்டியிருந்தாலும், வடம் வெளியே போகும் உருளை வழி தாழ்ந்தே இருக்க வேண்டும். பின் அச்சின் மட்டத்தைத் தாண்டவே கூடாது. வடம் பக்கவாட்டில் சாய்ந்தும் போகக் கூடாது. இழுக்கும் திசைக்கு வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குச் சோம்பல்படாதீர்கள்.

ஹைட்ராலிக் வின்ச் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். ரிலீஃப் வால்வைத் திருகி, உச்ச இழுப்பை நாமே முடிவு செய்யலாம். 150 பாருக்குப் பதில் 75 பாரில் வைத்தால் வின்ச் 1.7 டன்னுக்கு மேல் இழுக்கவே இழுக்காது. அதற்கு மேல் சுமை வந்தால் திணறி நிற்கும், அவ்வளவுதான். வின்ச்சின் தகட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து வால்வை வைக்காதீர்கள். வண்டியின் எடையையும் வடத்தின் பலத்தையும் பார்த்து வையுங்கள்.

அப்படியானால் மூன்று டன் மரத்தை எப்படி இழுப்பது? கப்பி இருக்கிறது. கப்பியை மரக்கட்டையில் கட்டி, வடத்தை அதில் ஓட்டி, நுனியை வண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உறுதியான நிற்கும் மரத்தில் பட்டையான பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கட்டையின் மேல் 3.4 டன் விழும். வேகம் பாதியாகும். வண்டி தாங்குவதோ அதே 1.7 டன்தான், மறுபாதியை நிற்கும் மரம் தாங்கிக்கொள்ளும். எடை குறைந்த பழைய டிராக்டருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. உருளையில் வடம் அடுக்கடுக்காக ஏறும்போது இழுப்பு குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்: 10 மி.மீ. வடத்தில் நாலாவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

வடம் அறுந்தால் எப்படி வீசும் என்பதைப் பார்த்தவர்கள் அதன் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். இழுக்கும்போது ஒருவரும் வடத்தின் நேர்க்கோட்டிலோ, கப்பி வைத்து வடம் வளைந்திருக்கும் உட்பக்கத்திலோ நிற்கக் கூடாது. வால்வு நெம்புகோலை நீள ஹோஸ் போட்டு, வண்டிக்குப் பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி வையுங்கள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து இழுப்பவர் வடத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டையைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். கையில் பட்டுவிட்டால் வலிக்கும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிணற்று வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இழுக்கச் செய்த வின்ச்சால் தூக்கக் கூடாது. ஹைட்ராலிக் மோட்டார் எப்போதும் கொஞ்சம் உள்ளே கசியும். வால்வை மூடிவைத்தாலும் தொங்கும் சுமை மெல்ல இறங்கும், ஹோஸ் வெடித்தால் ஒரேயடியாக இறங்கும். அழுத்தம் போனதும் ஸ்பிரிங் பலத்தில் தானாகப் பிடிக்கும் பிரேக்கும், இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் உள்ள வின்ச் வேறு வகை. அந்த வகையாக இருந்தாலும், ஆளை ஏற்றி இறக்கவென்றே செய்து சான்று பெற்ற கருவி அல்லாத எதிலும் கிணற்றுக்குள் ஆளை இறக்க வேண்டாம்.

கையில் வின்ச் இல்லாமல், புதிதாக வாங்கப் போகிறவர் ஹைட்ராலிக்கைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மரம் இழுப்பது மட்டும்தான் வேலை என்றால், பி.டி.ஓ. தண்டிலிருந்து சங்கிலியும் கிளட்சும் வைத்து நேராக ஓடும் வின்ச்சே எளிது; பம்ப், தொட்டி, ஆயில் எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் காடுகளில் ஃபோர்ட்சன் மேஜரின் பின்னால் பவுட்டன் வின்ச் பூட்டி ஒரு தலைமுறையே மரம் இழுத்தது. ஆனால் கையில் ஹைட்ராலிக் வின்ச் வந்துவிட்டது, அதே பம்பில் மரம் பிளக்கும் கருவியும் ஓட வேண்டும் என்றால், மேலே சொன்ன தனிப் பம்ப் ஏற்பாடு தன் செலவைத் திருப்பித் தந்துவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஓட்டம். மோட்டார் உடலுக்குள் கையால் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, சுமையில்லாமல், வின்ச்சை முன்னும் பின்னுமாகச் சுற்றவிடுங்கள். ஹோஸ்களில் உள்ள காற்று தொட்டியில் நுரையாக வந்து அடங்கும். நுரை அடங்கியதும் மட்டம் பார்த்து ஆயில் ஊற்றுங்கள், ஏனென்றால் ஹோஸ்களும் மோட்டாரும் தங்கள் பங்கைக் குடித்திருக்கும். அழுத்த மீட்டர் ஒன்றை மாட்டி, வடத்தைப் பெரிய மரத்தில் கட்டி, வண்டியையும் முன்னால் இன்னொரு மரத்தோடு சங்கிலியால் பிணைத்து, ரிலீஃப் வால்வைத் தளர்ந்த நிலையிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கடைசியாக, வடம் முழுவதையும் வெளியே இழுத்து, உருளையில் ஐந்து சுற்று மட்டும் விட்டு, ஒரு சிறு கட்டையை இழுத்தபடியே நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றிய வடத்தின் மேல் சுமை வந்தால், மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். முதல் இருபது மணி நேர வேலைக்குள் திரும்பும் ஃபில்டரைக் கழற்றி மாற்றிவிடுங்கள். பழைய மோட்டார் கக்கிய அழுக்கெல்லாம் அதில்தான் இருக்கும்.